அந்தப் புலி யாருக்கு இன்டர்நேஷனல்?

என் ஃப்ரெண்ட் ஒருத்தன் குழந்தைங்க பொம்மை சீரியல் எல்லாத்தையும் எக்ஸெல்ல போட்டு வச்சிருக்கான். பைத்தியம்தான், நானும் அதே ரகம்ங்கிறதால பொறுத்துக்கிறேன். அதுல 'இன்டர்நேஷனல்'னு ஒரு கட்டம். போன வாரம் ராத்திரி ஒன்றரை மணி வரைக்கும் அந்த ஒரு கட்டத்துக்காக சண்டை.

அவன் கணக்கு ரொம்ப சிம்பிள், அமெரிக்காவுல எடுக்காதது எல்லாமே இன்டர்நேஷனல். சரிப்பா, அப்போ மப்பெட் ஷோ? 1976ல ஆரம்பிச்சு 1981 வரைக்கும் 120 எபிசோடும் லண்டன் பக்கத்துல எல்ஸ்ட்ரீயில எடுத்தது, காசு போட்டவர் லூ கிரேட்ங்கிற இங்கிலாந்து முதலாளி, ஆனா பொம்மைக்குள்ள கையை விட்டு ஆட்டுனதுல பெரும்பாலானவங்க, மப்பெட் பொம்மைகளை உருவாக்கின ஜிம் ஹென்சன் கூட வந்த அமெரிக்கக்காரங்க. இதை எங்க போடுவேன்னு கேட்டா முழிக்கிறான். அதுக்குத் தலைகீழ் 1965ல வந்த தண்டர்பேர்ட்ஸ்ங்கிற பொம்மை சீரியல். கதையில வர்ற அமைப்போட பேரே 'இன்டர்நேஷனல் ரெஸ்க்யூ', எடுத்தது இங்கிலாந்துல ஸ்லௌ ஊர்ல, அமெரிக்க மார்க்கெட்டை மனசுல வச்சு ஹீரோக்கள் அஞ்சு பேரும் அமெரிக்க இங்கிலீஷ் பேசுவாங்க. அந்த வீட்டுல இருக்கிற ஆசியாக்காரர் வேலைக்காரர், அவருக்கு அம்மாவோ அப்பாவோ வேறயான ஒரு சகோதரன்தான் வில்லன். அந்த வேலைக்காரரோட மக எஞ்சினியர், அது ஒரு புண்ணியம். இதுல இன்டர்நேஷனல் எங்கடா இருக்கு, போர்டுலதான் இருக்கு!

எனக்கு உண்மையிலேயே பிடிச்ச கேஸ் செசமி ஸ்ட்ரீட், ஒரு நியூயார்க் தெருவுல மனுஷங்களும் பொம்மைகளும் சேர்ந்து வாழ்ற குழந்தைங்க நிகழ்ச்சி. 1969ல அமெரிக்காவுல ஆரம்பிச்சு 1972லயே மெக்சிகோவுக்கும் பிரேசிலுக்கும் தனித்தனியா போயிடுச்சு. ஜெர்மனியில 1973ல வந்தப்ப பெரும்பாலும் அமெரிக்கத் தெருவை அப்படியே டப் பண்ணி விட்டாங்க, பவேரியா சேனல் போடவே மாட்டேன்னுடுச்சு. 1978ல சாம்சன்னு ஒரு பெரிய கரடியும் டிஃப்பின்னு ஒரு பொண்ணு பொம்மையும் வந்தப்புறம்தான் அது ஜெர்மன் குழந்தைங்களோட நிகழ்ச்சி ஆச்சு. எக்ஸெல்ல இது ரெண்டும் ஒரே வரி! அங்கதான் எனக்கு கோவம் வந்துச்சு. டப்பிங் போட்டா உதடுதான் மாறுது, தெரு அதே நியூயார்க் தெருதான். நார்வேக்காரங்க தெருவையே தூக்கிட்டு ரயில்வே ஸ்டேஷன் வச்சுக்கிட்டாங்க பாருங்க, அது வேற லெவல்.

அடுத்து செசமி ஸ்ட்ரீட்டோட வங்காளதேச வடிவம் சிசிம்பூர், 2005. நடுவுல ஆலமரம், பக்கத்துல மிட்டாய்க்கடை. ஹாலும்னு ஒரு புலி, வங்காளத்துல புலி உறுமுற சத்தமே அதான், அதுக்கு மீன்னா உயிர். வங்காளிப் புலி வேற என்ன சாப்பிடும்? டிவி இல்லாத கிராமத்துக்கு சைக்கிள் ரிக்‌ஷாவுல ஒரு டிவிப் பெட்டி, டிவிடி பிளேயர், கூடவே ஜெனரேட்டர் கட்டி ஓட்டிட்டுப் போய் காட்டியிருக்காங்க. "ஆனா பணம் அமெரிக்க அரசாங்கத்தோட உதவி அமைப்பு யுஎஸ்எய்டு குடுத்ததுதானே"ன்னு அவன். ஆமாம்டா, நான் மறுக்கலையே. பணம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு அந்த ரிக்‌ஷா முன்னாடி உக்காந்த பிள்ளை கேக்கல, அதுக்கு ஹாலும் நம்ம புலி. டாக்காவுலேர்ந்து பார்த்தா அமெரிக்க செசமி ஸ்ட்ரீட்ல வர்ற பெரிய மஞ்சப் பறவை பிக் பேர்ட்தான்யா ஃபாரின் பறவை, ஹாலும் எப்படி இன்டர்நேஷனல் ஆகும்?

தென்னாப்பிரிக்காவோட செசமி ஸ்ட்ரீட்ல 2002ல கமின்னு ஒரு அஞ்சு வயசு பொம்மையைக் கொண்டு வந்தாங்க, எச்ஐவி இருக்கிற, அம்மா இல்லாத குழந்தை. அங்க பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா அப்படி குழந்தைங்க இருந்த நேரம். சேதி தெரிஞ்சதும் அமெரிக்காவுல சில எம்பிக்கள், இந்த மாதிரி எங்க டிவியில வரக்கூடாதுன்னு கவலைப்பட்டு கடிதம் எழுதினாங்க. என்னைக் கேட்டா அந்தக் கடிதம்தான் சர்ட்டிஃபிகேட், பொம்மை இனி தென்னாப்பிரிக்காவோடதுன்னு.

ஃப்ராகிள் ராக்குக்குதான் நானே தடுமாறிட்டேன், வளைக்குள்ள வாழ்ற ஃப்ராகிள்ங்கிற குட்டிப் பொம்மைங்களோட கதை, வளைக்கு வெளிய ஒரு மனுஷரும் அவரோட நாயும். 1983, பொம்மைக் காட்சி எல்லாம் டொரன்டோவுல, ஆனா அந்த மனுஷர் பகுதியை நாட்டுக்கு நாடு மாத்திக்கலாம்னு முதல்லயே காலியா விட்டு வச்சாங்க. கனடா, அமெரிக்காவுல கண்டுபிடிப்பாளர், இங்கிலாந்துல கலங்கரை விளக்கத்துக்காரர், ஃப்ரான்ஸ்ல சமையல்காரர் (ஃப்ரான்ஸ்னா வேற யாரு), நாய் மட்டும் எல்லா ஊர்லயும் ஒண்ணுதான். அந்தப் பொம்மைங்க வளைக்கு வெளிய நாம இருக்கிற உலகத்தை 'விண்வெளி'ன்னுதான் சொல்லும், அதுங்கள்ல ஒண்ணோட மாமா இங்கேர்ந்து போஸ்ட்கார்டு போடுவார்.

இப்போதைக்கு ஹாலுமையும் கமியையும் அந்தக் கட்டத்துலேர்ந்து எடுத்தாச்சு, ஃப்ராகிளுக்குக் கேள்விக்குறி. தண்டர்பேர்ட்ஸை மட்டும் அவன் விடவே மாட்டேங்கிறான், பேர்லயே இருக்குல்லடாங்கிறான்.