'பக்'ங்கிற வார்த்தை அந்தப் பூச்சியால வரல

பசங்களுக்கு கம்ப்யூட்டர் வரலாறு சொல்லித்தர்றவங்க நடுவுல ஒரு ஃபார்வர்டு சுத்துது, அமெரிக்க கம்ப்யூட்டர் விஞ்ஞானி கிரேஸ் ஹாப்பர் 1947ல கம்ப்யூட்டருக்குள்ள ஒரு பூச்சிய புடிச்சாங்க, அதுலேர்ந்துதான் கம்ப்யூட்டர் கோளாறுக்கு 'பக்'ங்கிற வார்த்தையே (இங்கிலீஷ்ல பூச்சின்னு அர்த்தம்) வந்துச்சுன்னு. பூச்சி உண்மைதான், மத்தது தப்பு.

1947 செப்டம்பர் 9, ஹார்வர்டு மார்க் 2ங்கிற அந்தக் கால கம்ப்யூட்டர். எஃப் பேனல்ல 70ஆம் நம்பர் ரிலேக்குள்ள (கரண்ட்ல இயங்குற சுவிட்ச்) ஒரு அந்துப்பூச்சி மாட்டியிருந்துச்சு, அத எடுத்து லாக் புக்குலயே டேப் போட்டு ஒட்டி, நெசமாவே ஒரு பக் கிடைச்சது இதான் முதல் தடவைன்னு அர்த்தம் வர்ற மாதிரி இங்கிலீஷ்ல எழுதி வச்சாங்க. அந்த 'நெசமாவே'ய கவனிங்க, வார்த்தை முன்னாடியே புழக்கத்துல இருந்தாதானே அப்படி எழுதத் தோணும்! எடிசன் 1878லயே ஒரு லெட்டர்ல சின்னச் சின்ன கோளாறுகள 'பக்'னு எழுதியிருக்காரு. பூச்சிய கண்டுபுடிச்சதும் ஹாப்பர் இல்ல, கூட வேலை பாத்தவங்க. ஹாப்பர் அந்தக் கதைய போற எடமெல்லாம் சொன்னதால அவங்க பேரோடயே ஒட்டிக்கிச்சு. அந்த லாக் புக் இப்போ ஸ்மித்சோனியன் மியூசியத்துல பூச்சியோடவே இருக்கு.

ஹாப்பர பத்தி பசங்களுக்கு சொல்லணும்னா தயவுசெஞ்சு ஏ-0 கம்பைலர சொல்லுங்க. 1952 வாக்குல யூனிவாக்ங்கிற கம்ப்யூட்டருக்கு எழுதினது, சப்ரூட்டீனோட (முன்னாடியே எழுதி வச்ச சின்ன புரோகிராம் துண்டு) நம்பர மட்டும் குடுத்தா போதும், டேப்புலேர்ந்து மெஷினே தேடி எடுத்து ஒண்ணா கோத்து புரோகிராமா ஆக்கிடும்.