இரண்டு கேஷ் உண்டு, அவற்றில் ஒன்றுதான் நம் காசு

ஞாயிற்றுக்கிழமை விழாவில் பேசப்பட்டதை மறுபடி விவரிக்க வேண்டியதில்லை. காணொளியைப் பெரும்பாலானவர்கள் பார்த்துவிட்டீர்கள். அதன் கீழே நான் எழுதிய மறுமொழியையும், அதற்கு வந்த வசவுகளையும் பார்த்துவிட்டீர்கள். ஆங்கிலேயர் அன்றாடம் சொல்லும் கேஷ் என்ற சொல் நம் காசைத் திருடி உண்டாக்கியது என்று மேடையில் அறிவிக்கப்பட்டது, அரங்கம் கைதட்டியது. நான் எழுதியது சில வரிகள்தான்: ஆங்கிலத்தில் கேஷ் என்று ஒரே எழுத்துக்கூட்டில் இரண்டு சொற்கள் இருக்கின்றன, ஒன்று காசிலிருந்து போனது, மற்றது போகவில்லை, மேடையில் சொன்னது அந்த மற்றதைப் பற்றி. இதற்காக என்னைத் துரோகி என்றார்கள். யாரிடம் சம்பளம் வாங்குகிறாய் என்று கேட்டார்கள். பணிக்காலம் முழுவதும் தமிழ் சொல்லிக்கொடுத்துத்தான் நான் சம்பளம் வாங்கினேன். என்னிடம் படித்த ஒருவரே "சார், நீங்களே இப்படிப் பேசலாமா?" என்று எழுதியதுதான் மற்ற எல்லாவற்றையும்விட வலித்தது. அவருக்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

கடையில் "கேஷா, கார்டா?" என்று கேட்கிறார்களே, அந்தக் கேஷை முதலில் எடுத்துக்கொள்வோம். லத்தீனில் காப்சா என்றால் பெட்டி. அது இத்தாலிய மொழியில் காஸ்ஸா ஆயிற்று, பிரெஞ்சில் கெஸ் ஆயிற்று, அந்த வழியாக 1590களில் ஆங்கிலத்துக்குள் வந்தது. வந்தபோது அது பணப்பெட்டியையும் குறித்தது, அதனுள் இருக்கும் பணத்தையும் குறித்தது. 18ஆம் நூற்றாண்டுக்குள் பெட்டி என்ற பொருள் உதிர்ந்து பணம் மட்டும் நின்றது. கேஷியர் என்பவர் அந்தப் பெட்டிக்குப் பொறுப்பானவர். கண்ணாடிக்கும் நகைக்கும் உறையாக இருக்கும் கேஸ், நாம் விழுங்கும் கேப்சூல் ஆகியவையும் இதே காப்சாவின் வழிவந்தவை. நீதிமன்றத்தில் நடக்கும் கேஸ் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அது விழுதல் என்ற பொருளுடைய வேறொரு லத்தீன் வேரிலிருந்து வந்தது. ஒரே ஒலியும் ஒரே எழுத்தும் உடைய இரண்டு சொற்கள் ஆங்கிலத்தில் ஏராளம். கேஷும் அப்படிப்பட்டது என்பதைத்தான் நான் சொன்னேன். பெட்டியின் பெயர் பணத்துக்கு ஆகிவருவது நமக்கு அயலான செய்தியும் அன்று. கல்லா என்பது கடைக்காரரின் பணப்பெட்டி. "நன்றாகக் கல்லா கட்டிவிட்டார்" என்று சொல்லும்போது யாரும் பெட்டியை நினைப்பதில்லை. தமிழன் தன் கல்லாவுக்குச் செய்ததை ஐரோப்பியன் தன் காப்சாவுக்குச் செய்தான் என்றால் அதில் எங்கே திருட்டு இருக்கிறது?

இப்போது இரண்டாவது கேஷ். இது நம்முடையது, இதைப் பற்றி அந்த மேடையில் ஒரு வார்த்தைகூடப் பேசப்படவில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

காசு என்ற சொல் நம்மிடம் நாணயமாகப் பிறக்கவில்லை. குறுந்தொகையின் 67ஆம் பாட்டில், கிளி தன் வளைந்த வாயில் கவ்விய வேப்பம்பழத்துக்கு, புது நூலில் கோப்பதற்காகப் பொற்கொல்லர் நகத்தில் பிடித்த பொன்னணியின் ஒரு காசு உவமையாகிறது. அங்கே காசு என்பது பொன்மணி. வெண்பாவின் இறுதிச் சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று வாய்பாடு சொல்கிறோமே, அந்தக் காசையும் பழைய அணியின் பெயராகவே படிக்கலாம். 7ஆம் நூற்றாண்டுக்கு வந்தால் திருஞானசம்பந்தர் திருவீழிமிழலையில் "வாசி தீரவே காசு நல்குவீர்" என்று பாடுகிறார். வாசி என்றால் நாணயம் மாற்றும்போது மதிப்பில் பிடிக்கும் கழிவு. இறைவனிடமே கழிவு பிடிக்க இடமில்லாத நல்ல நாணயம் கேட்ட பாட்டு அது. அதற்குப் பிறகு சோழர் கல்வெட்டுகளில் காசு இல்லாத பக்கம் அரிது.

இந்தச் சொல்லைத்தான் போர்த்துகீசியர் கேட்டார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்குக் கைஷா என்று பெயர், அதுவும் லத்தீன் காப்சாவின் வழிவந்தது. தென்னாட்டின் சிறு நாணயத்துக்கு மக்கள் சொன்ன காசையும் அவர்கள் அதே கைஷாவாக எழுதினார்கள். ஆங்கிலேயர் அதைக் கேஷ் ஆக்கினார்கள். இதுவும் 1590களில்தான். ஒரே பத்தாண்டில், ரோமாபுரியின் பெட்டியும் தமிழ்நாட்டின் நாணயமும் ஒரே எழுத்துக்கூட்டில் ஆங்கிலத்துக்குள் போய்ச் சேர்ந்தன. இதைவிட வியப்பான செய்தியை எந்த மேடைப் பேச்சாளரால் புனைய முடியும்? உண்மையே இவ்வளவு அழகாக இருக்கும்போது பொய் எதற்கு என்பதுதான் நான் திரும்பத் திரும்பக் கேட்பது.

அந்த இரண்டாவது கேஷ் வெறும் அகராதிச் சொல்லாகவும் இருந்துவிடவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் கணக்கில் 80 கேஷ் பணம் என்ற ஒரு நாணயம், 42 பணம் நட்சத்திர வராகன் என்ற ஒரு பொன் நாணயம். அதாவது ஒரு வராகனுக்கு 3,360 காசு. ரூபாய் முறை வந்த 1818 வரை இதுதான் கணக்கு. இந்த மாகாணத்துக்கென்று பர்மிங்காமின் சோஹோ நாணயச்சாலையில் 1803இல் அடித்த செப்பு நாணயத்தில் ரோமன் எண்ணில் இருபதைப் போட்டு, பக்கத்தில் கேஷ் என்று பொறித்திருக்கிறார்கள். 1808ஆம் ஆண்டு பொறித்த நாணயங்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் முக்குளித்தவர்கள் அந்த நாணயங்களைக் குவியல் குவியலாக வெளியே எடுத்தார்கள். நம் காசு இங்கிலாந்துக் கடலடியில் நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. சீனாவின் நடுத்துளைச் செப்பு நாணயத்துக்கும் ஆங்கிலேயர் வைத்த பெயர் கேஷ்தான். அங்கே வரைக்கும் போயிருக்கிறது நம் சொல்.

எங்கள் பக்கம், நாகர்கோவிலைச் சுற்றி, இது இன்னும் அண்மைக் கதை. அது 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த மண். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம். தாத்தாவின் பலசரக்குக் கடைக் கல்லாவில் செல்லாமல் போன அந்த நாணயங்கள் ஓர் அறையில் கிடந்தன. சிலவற்றில் சங்கு முத்திரை, சிலவற்றில் ஆங்கில எழுத்தில் கேஷ் என்று பொறித்திருக்கும். நான் ஆங்கிலம் படிக்கத் தொடங்கியபோது முதலில் கூட்டிப் படித்த சொற்களில் அது ஒன்று. ஆச்சி கடைசிவரை பணத்தைச் சக்கரம் என்றுதான் சொன்னார். ஆகவே கேஷ் என்ற சொல்லில் தமிழுக்குப் பங்கு உண்டு என்பதை யாரும் எனக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. அதை நான் கையில் தொட்டு வளர்ந்தவன்.

இனி என்னிடம் கேட்கப்பட்டவற்றுக்கும் கேட்கப்படப் போகிறவற்றுக்கும் வருகிறேன்.

ஒலி இவ்வளவு ஒத்திருக்கிறதே என்கிறார்கள். பாரசீகத்திலும் பேட் என்றால் கெட்டது, ஆங்கிலத்திலும் பேட் என்றால் கெட்டது; இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியான எம்பாபரத்தில் நாய்க்கு டாக் என்றுதான் பெயர். ஆங்கிலத்தோடு அதற்கும் உறவு இல்லை. ஒலி ஒத்திருப்பது தேடத் தொடங்குவதற்கு ஒரு காரணம், அவ்வளவுதான். அந்தச் சொல் யார் வாயிலிருந்து யார் வாய்க்கு, எந்த ஆண்டில், எந்த வணிகத்தில் போனது என்று காட்ட வேண்டும். இரண்டாவது கேஷுக்குக் காட்ட முடிகிறது. முதலாவதுக்கு முடியவில்லை.

லத்தீன் காப்சாவே தமிழிலிருந்து போயிருக்கலாமே என்பது அடுத்தது. போயிருக்கலாம் என்பது சான்று ஆகாது. காப்சாவுக்குப் பற்றுதல், கொள்ளுதல் என்ற பொருளுடைய வினைவேர் லத்தீனிலேயே இருக்கிறது. இதற்குமேல் இதைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

வெள்ளைக்காரன் எழுதிய அகராதியை நம்புகிறாய் என்கிறார்கள். காசு நாணயம் தமிழ் வடிவத்திலிருந்து போர்த்துகீசியம் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது என்று 1886இல் எழுதிவைத்தது யார்? இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர் வழங்கிய சொற்களுக்கான ஹாப்சன்-ஜாப்சன் அகராதியைத் தொகுத்த யூலும் பர்னலும். பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், அரண்மனைச் சுவடிகளுக்கு அட்டவணை செய்தவர், அந்த அகராதி வெளிவருமுன்பே இறந்துவிட்டார். அவர்கள் இடையில் ஒரு கொங்கணி வடிவம் இருந்திருக்கலாம் என்ற வாய்ப்பையும் மறைக்காமல் குறித்தார்கள், சமஸ்கிருதத்தின் கர்ஷ என்ற எடைப்பெயரையும் சேர்த்துச் சொன்னார்கள். நமக்குச் சாதகமாக எழுதும்போது அந்த அகராதியை மேற்கோள் காட்டுவதும், சாதகமில்லாதபோது சதி என்பதும் நேர்மையாகுமா?

கடைசியாக, பலர் மென்மையாகவே கேட்டது: இதனால் யாருக்கு என்ன கெடுதல், பிள்ளைகள் பெருமைப்படட்டுமே. இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ஆனால் கெடுதலை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். என் மாணவி ஒருத்தி வெளிமாநிலக் கருத்தரங்கு ஒன்றில் ஆங்கிலத்துக்குப் போன தமிழ்ச் சொற்களைப் பற்றிக் கட்டுரை படித்தாள். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர், குருந்தக்கல் என்று உழைத்துத் தொகுத்த கட்டுரை. மேடைப் பேச்சுகளில் கேட்ட ஓரிரு சொற்களையும் நம்பிச் சேர்த்திருந்தாள். கடைகளில் வழங்கும் கேஷ் அவற்றில் ஒன்று. கேள்வி நேரத்தில் ஒருவர் அதை மட்டும் பிடித்துக்கொண்டார். அவளிடம் விடை இல்லை. அதன்பின் அவள் கட்டுமரத்தைப் பற்றிச் சொன்னதையும் "இதுவும் அப்படிப்பட்டதுதானா?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். அன்றிரவு தொலைபேசியில் அவள் அழுத அழுகையை, கைதட்டு வாங்கிக்கொண்டு கார் ஏறிப் போகிறவர்கள் கேட்டதில்லை. ஒரு பொய் பத்து உண்மைகளைக் கேலிக்கு உள்ளாக்குகிறது. ஆங்கிலம் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்ட சொற்கள் குறைவாக இருந்தாலாவது இட்டுக்கட்ட ஒரு காரணம் உண்டு, அதுவும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனத்தில் நெடுநாளாக இருப்பது. நம்மிடமிருந்து ஆங்கிலத்துக்குப் போனது உறுதியான சொற்களில் பரையா என்பதும் ஒன்று. பறை முழக்கிய மக்களின் பெயர் 17ஆம் நூற்றாண்டிலேயே அங்கே போய்விட்டது. இன்று உலகம் ஒதுக்கிவைத்த நாட்டைக்கூட ஆங்கிலச் செய்தித்தாள்கள் அந்தப் பெயரால்தான் அழைக்கின்றன. ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளை அந்தச் சொல்லுக்கு ஆங்கிலேயர் தாமாகக் கண்டுபிடிக்கவில்லை. நம் தெருக்களில் பார்த்ததை எழுதிக்கொண்டு போனார்கள். சான்று மிக்க இந்தச் சொல்லை எந்தத் தமிழ்ப் பெருமை மேடையிலாவது யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. இனிக்கிற சொல்லைச் சான்றில்லாமல் உரிமை கொண்டாடி, சுடுகிற சொல்லைச் சான்றிருந்தும் மறைப்பதை ஆராய்ச்சி என்று என்னால் ஏற்க முடியாது. அப்படிச் சொல்வதற்கு என்ன பெயர் சூட்டினாலும் சரி, சூட்டிக்கொள்ளுங்கள்.

என் மறுமொழியை நீக்கச் சொல்லித் தனிச்செய்தி அனுப்பியவர்களுக்கு: நீக்கவில்லை, நீக்கப்போவதும் இல்லை. 1808ஆம் ஆண்டின் இருபது கேஷ் நாணயத்தின் இரு பக்கப் படங்களையும் முதல் மறுமொழியில் இட்டிருக்கிறேன். சொல்லைப் பற்றிக் கேட்பவர்களுக்குப் பதில் எழுதுவேன். என்னைப் பற்றிக் கேட்பவர்களுக்கு எழுத மாட்டேன்.