பழியை வெயில் மேல போடாதீங்கய்யா!

பங்குனி வெயில்ல செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் பக்கம் ஃபிலிம் கேமராவைத் தூக்கிட்டுப் போனா, படத்துல செம்மஞ்சளா ஒரு தீற்றல். லேப்ல கேட்டா ஒரே பதில்: "சூரியனைப் பார்த்து எடுக்காதீங்க சார்." அப்புறம் இங்க எதைத்தான் எடுக்குறது? முகப்புல நின்னா வளவு, இரண்டாங்கட்டு, பின்வாசல் வரைக்கும் நேர்கோட்டுல தெரியுற வீடுங்க. அந்தக் கடைசிக் கதவுல வெளிச்சம் கொட்டத்தான் செய்யும்.

வெயில் கேமராவுல இருக்க ஓட்டையைக் காட்டிக் குடுக்குது, அவ்வளவுதான். லீக்கா (கேமரா இடுக்கு வழியா வெளிச்சம் கசியுறது), லென்ஸ் ஃப்ளேரா (லென்ஸுக்குள்ள வெளிச்சம் சிதறுறது)ன்னு தெரிஞ்சுக்க நெகட்டிவ் ஓரத்தைப் பாருங்க. கறுப்புக் கறை ஃப்ரேமைத் தாண்டி ஃபிலிம் ஓரத்துல வரிசையா இருக்க ஸ்ப்ராக்கெட் ஓட்டை வரைக்கும் ஓடுனா, கேமரா பாடியில லீக். ஃப்ரேமுக்குள்ளயே நின்னா பெரும்பாலும் ஃப்ளேர். பழைய துணி ஷட்டர்ல ஊசி ஓட்டை இருந்தாலும் உள்ளதான் விழும், ஆனா புள்ளியா, ஒரே இடத்துல. உள்ள கண்ணாடி இல்லாத ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவை லென்ஸ் மூடி போடாம வெயிலைப் பார்த்து வச்சா சூரியனே அந்தத் துணியைப் பொசுக்கிடும்.

இவ்வளவும் பத்து நொடி வேலை. ஆனா ஓரத்தை வெட்டி ஸ்கேன் பண்ணி வாட்ஸ்அப்ல தள்ளிட்டு நெகட்டிவைக் குப்பையில போடுற லேப்கிட்ட எந்த ஓரத்தைப் பார்க்குறது? காசு குடுத்தது நாங்க, நெகட்டிவைக் குடுங்கய்யா!

அடுத்து, "டெஸ்ட் பண்ணது"ன்னு பழைய எஸ்எல்ஆர் கேமராவை விக்கிற மகராசன்கள். பின்கதவைத் திறந்து பள்ளத்துல வெளிச்சத்தை அடைக்க வச்சிருக்க ஃபோமை விரலால தொட்டா தார் மாதிரி ஒட்டுது! என்னத்தை டெஸ்ட் பண்ணாங்களோ. கலர் ஃபிலிம்ல தீற்றல் சிவப்பா இருந்தா சந்தேகமே வேணாம், வெளிச்சம் ஃபிலிமோட முதுகுப்பக்கமா வந்திருக்கு. அந்தப் பக்கத்துல முதல்ல மாட்டுறது சிவப்பைப் பதியுற அடுக்குதான். படத்தோட இடது ஓரத்துல விழுந்தா கீல் பக்கத்தைப் பாருங்க, பிம்பம் ஃபிலிம்ல தலைகீழாத்தானே விழுது.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல நனைச்ச பல்குச்சியால பழைய ஃபோமைச் சுரண்டுங்க. ஷட்டர் மேலயும் ஃபோகஸிங் ஸ்க்ரீன் மேலயும் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. பள்ளத்துக்கு 1.5 அல்லது 2 மில்லிமீட்டர் ஃபோம், இல்லேன்னா கறுப்புக் கம்பளி நூல். கீல் பக்கம் அகலமான பட்டை. தடியா திணிச்சா கதவு மூடாது.

ஒட்டி முடிச்சதும் சோதிக்காம ரோலை வீணாக்காதீங்க. லென்ஸ் மூடியோட ஃப்ரேமுக்கு ஒரு பக்கமா கீல், மேல்பக்கம், அடிப்பக்கம், தாழ்ப்பாள்னு வெயிலுக்கு ரெண்டு ரெண்டு நிமிஷம் காட்டி, ஷட்டரை அமுக்கிக் குறிச்சு வைங்க. கீல் கசிவு மட்டும் சுத்துன ஃபிலிம் மேல, ஒரு ஃப்ரேம் தள்ளி விழலாம்.

ஃப்ளேருன்னா முதல்ல அந்த மலிவான யூவி ஃபில்டரைக் கழட்டி எறிங்க. சூரியனுக்கு நேரெதிர் மூலையில பூதம் மாதிரி வர்ற வெளிச்சப் பொட்டு பாதி அதோடதுதான். ஹூட் போடுங்க, டார்ச் அடிச்சு லென்ஸ்ல பூஞ்சை, மங்கல் இருக்கான்னு பாருங்க. சினிஸ்டில் 800டிங்கிற கலர் ஃபிலிம்ல விளக்கைச் சுத்தி வர்ற சிவப்பு வளையம் லீக்கே இல்ல, அது அந்த ஃபிலிமோட குணம்.

இதுல நட்ட நடு வெயில்ல பிள்ளையார்பட்டி வாசல்ல ரோலை மாத்திட்டு "முதல் ரெண்டு படம் போச்சு"ன்னு புலம்பல் வேற. நாலடி நடந்தா நிழல் இருக்கு சாமி!