பயப்படுகிறவளுக்கு விசுவாசம் இல்லை என்று யார் சொன்னது?

செவ்வாய்க்கிழமை அன்பியக் கூட்டத்தில் (பங்கில் பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் கூட்டம்) நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அங்கே எடுத்த வீடியோவை நம்ம ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் வரிசையாக 'ஆமென்' போட்டுப் பகிர்வதைப் பார்த்த பிறகு முடியவில்லை.

பார்க்காதவர்கள் தயவுசெய்து தேடிப் போய்ப் பார்க்காதீர்கள். ஒரு பெண் அழுவதை ஊர் பார்த்தது போதும். அந்த அக்கா கேட்டது இவ்வளவுதான்: "வியாழக்கிழமை அவருக்கு பயாப்சி ரிசல்ட் வருது. எனக்குப் பயமா இருக்கு. எல்லாரும் செபிச்சுக்கோங்க." பிரசங்கம் பண்ண வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு சகோதரர் மைக்கை வாங்கினார். பயம் இருக்கிற இடத்தில் விசுவாசம் இருக்காதாம். சந்தேகத்தோடு கேட்டால் ஆண்டவர் தரமாட்டாராம். "என் கணவர் சுகமாகிவிட்டார்" என்று கையை உயர்த்தி மூன்று தடவை சொல்லச் சொன்னார். அக்கா இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை குரல் வரவில்லை. "பாத்தீங்களா, இந்தத் தயக்கம்தான் தடை" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வேதனையும் சேர்ந்துதான் இதை எழுத வைக்கிறது.

நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் விசுவாசம் எதற்கு? ஒன்றுமே தெரியாமல், கை நடுங்க, "ஆண்டவரே, நீர் பார்த்துக்கொள்ளும்" என்று ஒருத்தி சொல்கிறாளே, அதற்குத்தான் விசுவாசம் என்று பெயர். அந்த அக்கா பயத்தோடு செபம் கேட்டு வந்தார். பயத்தோடு வந்ததே விசுவாசம்தான்.

அன்றைக்கு செவ்வாய்க்கிழமை. செபமாலையில் துக்க தேவ இரகசியங்கள், அதாவது இயேசுவின் பாடுகளைத் தியானிக்கிற பகுதி, சொல்லி முடித்துவிட்டுத்தான் அந்தச் சகோதரர் பேசவே ஆரம்பித்தார். முதல் இரகசியம் என்ன? இயேசு பூங்காவனத்தில் இரத்த வியர்வை வியர்த்தது. நாளைக்கு நடக்கப்போவதை நினைத்து அவரே கலங்கினார், இந்தக் கிண்ணம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று கெஞ்சினார். அதைப் பத்து அருள்நிறை மந்திரத்தோடு தியானித்துவிட்டு, அடுத்த அரை மணி நேரத்தில் பயப்படுகிறவளுக்கு விசுவாசம் இல்லை என்று எப்படிச் சொல்ல முடிகிறது?

எங்கள் வீட்டுக் கதை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். 2017 நவம்பர் தொடக்கத்தில் அண்ணன் கொச்சியிலிருந்து தங்குகடல் தொழிலுக்கு, நாள்கணக்கில் ஆழ்கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போனான். கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனவன். நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல். எச்சரிக்கை வந்தபோது ஆழ்கடலில் கிடந்தவர்களுக்கு அதைச் சொல்ல வழியில்லை. அதற்குப் பிறகு லட்சத்தீவில் இத்தனை படகு ஒதுங்கியது, மகாராஷ்டிரத்தில் இத்தனை, குஜராத்தில் இத்தனை என்று பட்டியல் வரும். கோயில் மைக்கில் பெயர் வாசிப்பார்கள். ஒரு நாள் அண்ணன் பெயரே வந்தது. அம்மா எழுந்து நின்றுவிட்டாள். அடுத்து அப்பா பெயரை வாசித்தார்கள். அது வேறொரு வீட்டு அப்பா. எங்கள் கடற்கரையில் ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள்.

பக்கத்து வீட்டுப் பையன் வந்துவிட்டான். அவன் அம்மாவும் என் அம்மாவும் அத்தனை நாளும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே செபமாலையைத்தான் சொன்னார்கள். ஒருத்தி முதல் பாதி, மற்றவள் மறுபாதி. இதில் எந்தப் பாதியில் விசுவாசம் குறைந்தது? ஆனால் அப்போதும் ஒருவர் வந்தார். "முழு மனசோட கேட்டிருந்தா திரும்பி வந்திருப்பான்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வாக்கியத்தை அம்மா இத்தனை வருஷமாகச் சுமக்கிறாள். பக்கத்து வீட்டு அத்தை ஒரு நாள்கூட அப்படிச் சொன்னதில்லை. கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். மகன் திரும்பிவந்த சந்தோஷத்தை எங்கள் முன்னால் காட்டக்கூடாது என்று முகத்தை இறுக்கி வைத்துக்கொள்வாள்.

பைபிளில் எபிரேயர் திருமுகம் 11-ஆம் அதிகாரத்தைத்தான் அந்தச் சகோதரர் செவ்வாய்க்கிழமை எடுத்துப் பேசினார். முதல் வசனத்தை மட்டும் வாசித்தார். அதே அதிகாரத்தில் 34-ஆம் வசனத்தில் விசுவாசத்தால் வாளுக்குத் தப்பியவர்கள் இருக்கிறார்கள். மூன்று வசனம் தள்ளி, 37-இல், வாளால் வெட்டுப்பட்டுச் செத்தவர்கள் இருக்கிறார்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே விசுவாசம் என்றுதான் எழுதியிருக்கிறது. தப்பினவர்கள் நன்றாகச் செபித்தார்கள், செத்தவர்கள் தயங்கினார்கள் என்று எங்கே இருக்கிறது? காட்டுங்கள்.

"அவர் நல்ல எண்ணத்தில் சொன்னார், தைரியம் கொடுக்கத்தான்" என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: தைரியம் கொடுக்க நினைக்கிறவர் பக்கத்தில் போய் உட்காருவார், கையைப் பிடிப்பார். ஐம்பது பேர் முன்னால் மைக்கை நீட்டிப் பரீட்சை வைக்கமாட்டார். "அப்போ அற்புதமே நடக்காது என்கிறாயா?" நடக்கும். நம்புகிறேன். தினமும் கேட்கிறேன். கேட்பது வேறு, ஆண்டவர் கையிலிருந்து கையெழுத்து வாங்குவது வேறு.

"உன் அண்ணனைக் காப்பாற்றாத கடவுளை இன்னும் ஏன் நம்புகிறாய்?" என்று என் பழைய காலேஜ் தோழி கேட்பாள். அவள் கேட்பதில் எனக்குக் கோபம் இல்லை. பதில் என்னிடம் முழுசாக இல்லை. ஆண்டவரோடு நான் சண்டை போட்டிருக்கிறேன், ஏழெட்டு மாசம் பூசைக்குப் போகாமல் இருந்திருக்கிறேன். திரும்பிப் போனபோது அவர் அங்கேயே இருந்தார். இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது.

காணாமல் போனவரைச் சட்டப்படி இறந்தவர் என்று எடுத்துக்கொள்ள 7 வருஷம் ஆகும். ஒக்கியில் போனவர்களுக்கு அதைத் தளர்த்தினார்கள். நிவாரணத்துக்கு விண்ணப்பம் எழுத வந்தவர் 'இறந்த தேதி' என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். "எனக்கு எப்படி மக்களே தெரியும்? ஆண்டவருக்குத்தான் தெரியும்" என்றாள். அவர் ரொம்ப நேரம் எழுதவே இல்லை. நான் இதுவரை கேட்ட விசுவாசப் பிரமாணங்களில் அதைவிடப் பெரியது கிடையாது. அந்த அம்மாவைப் பார்த்து விசுவாசம் போதாது என்று சொன்னார்கள்!

இப்போது தம்பியும் கடலுக்குத்தான் போகிறான். படகில் செயற்கைக்கோள் வழியாகச் சேதி வருகிற நாவிக் கருவி இருக்கிறது. லைஃப் ஜாக்கெட் இருக்கிறது. அவன் கிளம்பும்போது அம்மா நெற்றியில் சிலுவை போடுவாள், கூடவே "ஜாக்கெட் எடுத்தியா மக்கா?" என்று கேட்பாள். இதையும் சந்தேகம் என்பீர்களா? பவுல் போன கப்பல் புயலில் மாட்டியபோது கப்பல்காரர்கள் நாலு நங்கூரத்தைப் போட்டுவிட்டு, பொழுது எப்போது விடியும் என்று வேண்டிக்கொண்டிருந்தார்கள் என்று பைபிளில் திருத்தூதர் பணிகள் நூலில் இருக்கிறது. நங்கூரமும் போட்டார்கள், வேண்டவும் செய்தார்கள். எங்கள் அம்மாமார்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்வது அதைத்தான். கடலையே பார்க்காதவர்கள் வந்து எங்களுக்குப் பயத்தைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டாம்.

எனக்கு இப்போது இருக்கிற பெரிய பயம் இதுதான். நாளைக்கு ரிசல்ட் நல்லபடியாக வந்தால் அந்த வீடியோ சாட்சியாக ஊர் ஊராகப் போகும். வேறு மாதிரி வந்தால்? சகோதரர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். அந்த அக்கா வாழ்நாள் முழுக்க அந்த மூன்றாவது தடவையை நினைத்துக்கொண்டிருப்பார். நான் சொல்லியிருந்தால் அவர் பிழைத்திருப்பாரோ என்று. அதை எடுக்க எந்த டாக்டராலும் முடியாது. என் அம்மாவிடமிருந்து எங்களால் எடுக்க முடியவில்லை.

வீடியோவை வைத்திருப்பவர்கள் அழித்துவிடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

காலையில் ரிசல்ட் வாங்கத் திருவனந்தபுரத்துக்கு அக்காவோடு நானும் கூடப் போகிறேன். அம்மா இட்லி கட்டித் தருகிறேன் என்றிருக்கிறாள். இப்போதுதான் அக்காவுக்கு போன் பண்ணினேன். "பயமா இருக்கு பிள்ளே" என்றார். "எனக்கும் பயமாத்தான் இருக்கு அக்கா. ஆறு மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துருங்க" என்றேன்.