தட்டு கழுவும் அக்காவும் பாதுகாப்புக் குழுவும்

எம்.எஸ்சி. புராஜெக்டுக்காக மண்டபம் தென்கடலில் தண்ணீர் எடுத்து விப்ரியோ பாக்டீரியாவைப் பிரித்துக்கொண்டிருந்த காலம். கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டுகளில் மஞ்சளும் பச்சையுமாக அதன் காலனிகள், அதாவது கிருமிக் கூட்டங்கள், வளர்ந்து நிற்கும், பார்க்க அழகாகத்தான் இருக்கும். வேலை முடிந்ததும் அந்தத் தட்டுகளை ஆட்டோகிளேவில், அதாவது பிரஷர் குக்கர் மாதிரி நீராவியால் கிருமியைக் கொல்லும் கருவியில், 121 டிகிரியில் வேகவைத்த பிறகுதான் கழுவப் போட வேண்டும். எங்கள் ஆட்டோகிளேவில் கேஸ்கட் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. பினாயிலை ஊற்றித் தொட்டியில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம்.

கழுவ ஒரு அக்கா வருவார். கையுறை கிடையாது. ஒருநாள் உடைந்த கண்ணாடித் தட்டு அவர் விரலைக் கிழித்தது. மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் வந்தார். விப்ரியோவில் சில வகை, காயம் வழியே உள்ளே போனால் சதையையே அழுகவைக்கும். ஈரல் கெட்டவர்களுக்கு உயிரே போகலாம். இது பரீட்சையில் நான் எழுதி மார்க் வாங்கிய பதில். ஆனால் அக்கா விரல் கிழிந்தது எந்த நோட்டிலும் ஏறவில்லை. நானும் எழுதவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1989லேயே விதிகள் வந்துவிட்டன. மரபணு மாற்ற ஆய்வு நடக்கும் நிறுவனத்தில் உயிரிப் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். அதில் ஒரு மருத்துவரும் டெல்லி உயிரித் தொழில்நுட்பத் துறையின் பிரதிநிதி ஒருவரும் உட்கார வேண்டும். மாவட்ட அளவில் கலெக்டர் தலைமையிலும் ஒரு குழு உண்டு. "நாம ஜீன்ல கை வைக்கல, கமிட்டிக்கெல்லாம் போக வேண்டாம்" என்றார் என் கைடு. அந்த விதிகளின் தலைப்பிலேயே 'ஆபத்தான நுண்ணுயிரிகள்' என்றும் இருக்கிறது. தலைப்பைக்கூட யாரும் படித்திருக்கவில்லை.

இன்னொரு கூத்து, லேமினார். கிருமியை வளர்க்கும் வேலைக்காக வடிகட்டிய காற்றை வீசும் பெட்டி. அதில் காற்று உள்ளிருந்து நம் முகத்தை நோக்கி வரும். காப்பாற்றுவது கல்ச்சரை, அதாவது நாம் வளர்க்கும் கிருமியை, நம்மை அல்ல. நோய்க்கிருமிக்கு வேண்டியது, வேலை செய்கிறவரையும் காப்பாற்றும் பயோசேஃப்டி கேபினெட். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி கண்ணாடிப் பெட்டி என்பதால், லேமினார் முன்னால் உட்கார்ந்து விப்ரியோவை விதைத்துவிட்டு 'சேஃப்டி'யாக வேலை பார்த்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

2006இல் அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில், கிருமி தெளிக்கும் அறையைச் சுத்தம் செய்த ஆய்வாளருக்கு புரூசெல்லா என்ற பாக்டீரியா தொற்றியது. அரசுக்குச் சொல்லவில்லை. மறு வருஷம் விஷயம் வெளியே வந்து, கடைசியில் 10 லட்சம் டாலர் அபராதம். நம்ம ஊர்க்காரர்கள் பிழைக்கப் போன சிங்கப்பூரிலும் 2003இல் ஒரு சம்பவம். வெஸ்ட் நைல் வைரஸில் வேலை பார்த்த மாணவருக்கு சார்ஸ் வந்தது. வெளிநாட்டு நிபுணர்களையும் வைத்து விசாரித்து, மாதிரியில் சார்ஸ் கலந்திருந்தது, ஆய்வகத்தின் நடைமுறை சரியில்லை என்று ஊரறியச் சொன்னார்கள். வேறு யாருக்கும் பரவவில்லை. தப்பு இரண்டு இடத்திலும் நடந்தது. மறைத்த இடம் எங்கே, சொன்ன இடம் எங்கே என்றுதான் நான் பார்க்கிறேன்.

வெளியே போனது திரும்பாது என்று நம்ம கடற்கரைக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சோதனைக்கென்று வந்த கப்பாஃபைகஸ் என்ற கடல்பாசி, அதான் பெப்சி பாசி, மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவுப் பவளப்பாறைகள் மேல் படர்ந்து கிடப்பதாக 2008இல் ஆய்வாளர்களே எழுதினார்கள். ஒடிந்த துண்டு ஒதுங்கினாலும் வளர்ந்துவிடும் சாதி அது. (பாசி கட்டிப் பிழைக்கிற அக்காமார் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.)

குழு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் குழு பார்ப்பது ஃபைலை. சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் வந்து, கழுவுகிற தொட்டியைப் பாருங்கள், ஆட்டோகிளேவ் கேஸ்கட்டைப் பாருங்கள். குழு உட்காரும் மேசையில் ஒரு நாற்காலியைத் தட்டு கழுவுகிறவருக்கும் போடுங்கள். கை கிழிந்தது என்று வந்து சொன்னால் சம்பளம் பிடிக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுங்கள்.

போன மாதம் பாம்பன் பஸ்ஸில் அந்த அக்காவைப் பார்த்தேன். விரலில் தழும்பு இருக்கிறது. அதே வேலைதான். இப்போதாவது கையுறை கொடுக்கிறார்களா என்று கேட்டேன்.

"இன்ஸ்பெக்சன் அன்னைக்குக் குடுப்பாக தம்பி. சாயங்காலம் திருப்பி வாங்கிக்கிருவாக."