டோர்னமென்ட் நடத்த கோவளம் தாண்டி ஒரு ரிசார்ட்தான் கிடைத்ததா?

‘சென்னையில் டெக்கன் 8 டோர்னமென்ட்’ என்று, இருவர் மோதுகிற அந்தச் சண்டை வீடியோ கேமுக்குப் போஸ்டர் போடுகிறார்கள். இடத்தைத் தேடிப் பார்த்தால் ஈசிஆரில் கோவளம் தாண்டி ஒரு ரிசார்ட். அது சென்னையே இல்லை, செங்கல்பட்டு மாவட்டம். அந்தப் பக்கம் ரயிலும் கிடையாது, மெட்ரோவும் கிடையாது. மதுரையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் ராத்திரி ரயிலேறி விடிகாலையில் தாம்பரத்தில் இறங்குகிற பையன்கள் எப்படி வந்து சேர்வார்கள் என்று யாராவது ஒருத்தர் யோசித்திருந்தால் இந்த இடத்தைப் பிடித்திருப்பார்களா? ஆட்டோவுக்குக் கேட்ட காசைக் கொடுத்துப் போய் நின்றால் செக்-இன் மதியம் இரண்டு மணிக்காம். முதல் மேட்ச் காலை பத்துக்கு! போன தடவை ரிசப்ஷன் சோபாவில் பையைத் தலைக்கு வைத்துக் கொஞ்சம் சாய்ந்தேன், செக்யூரிட்டி வந்து எழுப்பிவிட்டார்.

டெக்கன் திரையில் விநாடிக்கு 60 பிரேம், அதாவது 60 படம், ஓடுகிற ஆட்டம். எதிராளியின் அடியைத் தடுத்ததும், அவன் சுதாரிப்பதற்குள் 10 பிரேமில், அதாவது விநாடியில் ஆறில் ஒரு பங்கில், போய் விழுகிற ஜாப் (குட்டிக் குத்து) போட்டு பனிஷ் பண்ண வேண்டும், கை கொஞ்சம் தாமதித்தாலும் போச்சு. ராத்திரி முழுக்கத் தூங்காதவனை, வீட்டில் தூங்கி எழுந்து இட்லி சாப்பிட்டு வந்தவனோடு உட்கார வைத்துவிட்டு இதைப் போட்டி என்கிறார்கள். ஆன்லைனில் லேக், அதாவது தாமதம், இருக்கிறது, நேரில் ஆடினால்தான் உண்மையான திறமை தெரியும் என்று சொல்வதும் இவர்கள்தான்.

ஹால் இன்னும் கொடுமை. கடல் தெரிய வேண்டும் என்று ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, பதினோரு மணிக்கு வெயில் நேராக மானிட்டரில் அடிக்கிறது, திரையில் என் முகம்தான் தெரிகிறது. பிளக் பாயின்ட் சுவரோரம் மட்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் செருகி ஹால் முழுக்க ஓட்டியிருந்தார்கள். கடைசி ரவுண்டில் கரண்ட் டிரிப் ஆனது. ஜெயிக்கப் போனவன் மறுபடி முதலிலிருந்து ஆடினான். கல்யாண ரிசப்ஷனுக்குக் கட்டிய ஹாலை போட்டோவில் பார்த்து முடிவு செய்தால் இப்படித்தான் ஆகும்.

தேதியையும் முகூர்த்த நாளில் வைக்கிறார்கள், ரூம் வாடகை ஏறாமல் என்ன செய்யும்? அதையும் மூன்று வாரம் முன்னால்தான் அறிவிக்கிறார்கள். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடுகிறது, நாம் பார்க்கும்போது எல்லா வண்டியிலும் வெயிட்டிங் லிஸ்ட். ஞாயிறு ராத்திரி தெற்கே போகிற வண்டிகள் பெரும்பாலும் பத்துக்குள் எழும்பூரை விட்டுக் கிளம்பிவிடும். ஒரு தடவை தோற்று லூசர்ஸ் பக்கத்துக்குப் போய், அங்கே போராடி மேலே வந்த பையன் எட்டு மணிக்கு மேட்சா, ரயிலா என்று மணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒருத்தன் அப்படியே விட்டுக்கொடுத்துவிட்டு ஓடினான், பார்க்கவே வயிறு எரிந்தது.

திருச்சியில் நடத்துங்களேன். மதுரைக்கு சுமார் 135 கிலோமீட்டர், கோவைக்கு 215, சென்னைக்கு 330. ஜங்ஷனில் இறங்கி நடக்கிற தூரத்திலேயே லாட்ஜும் ஹோட்டலும் ஹாலோடு வரிசையாக இருக்கின்றன, ராத்திரி எந்நேரமும் சாப்பிட ஏதாவது கிடைக்கும். ஸ்பான்சர் சென்னையைத்தான் கேட்கிறார் என்றால் சரி, எழும்பூரிலோ தாம்பரத்திலோ ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு சாதாரண ஹோட்டலைப் பிடியுங்கள், கடல் வேண்டாம். தேதியை டிக்கெட் திறக்கும் முன்பே சொல்லுங்கள். ஃபைனலை ஞாயிறு ஆறு மணிக்குள் முடியுங்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு முதல் நாள் ராத்திரியே ரூம் தரும்படி ஹோட்டலில் பேசிவிட்டு, அதன் பிறகு போஸ்டர் அடியுங்கள்.