பூவைக் காட்டி வித்தீங்களே, பொழைக்குமான்னு சொன்னீங்களா?

நேத்து ராத்திரி சோறு போடும்போது அத்தை சொன்னாங்க: "என் கை ராசி சரியில்லம்மா. இனிமே நான் எதையும் தொட மாட்டேன்."

எழுபத்தொரு வயசு அவங்களுக்கு. பென்னாகரம் பக்கத்து மானாவாரிக் காட்டுல வானத்த மட்டும் நம்பி ராகியும் நிலக்கடலையும் எடுத்த கை அது. தான் வித்த செடிங்க எங்க வீட்டுல கருகிச் செத்ததுக்கு, அந்தக் கையப் போய் ராசியில்லாத கைன்னு அவங்க வாயாலயே சொல்ல வெச்சுட்டாரு ஒரு நர்சரிக்காரர். ராத்திரி பூரா எனக்குத் தூக்கம் வரல.

அத்தைக்கு முழங்கால் மடங்காது. குனிஞ்சு ஒரு களை பிடுங்க முடியாது. அதுக்காகத்தான் தர்மபுரியில நாங்க கட்டின புது வீட்டு வாசல்ல பத்தடி நீளம், மூணடி அகலம், ரெண்டடி உசரத்துல மேட்டுப்பாத்தி போட்டோம். கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து கல்பலகை இறக்கி நாலு பக்கமும் நிறுத்தி, செம்மண்ணும் ஆட்டு எருவும் மணலும் கலந்து ரொப்பினோம். ஸ்டூல் போட்டு உட்கார்ந்தா செடி கைக்கு எட்டும். கலர் கலரா பூக்கட்டும், காலைல சாமி படத்துக்கும் நாலு பூ ஆச்சுன்னு அத்தை ஆசைப்பட்டாங்க.

மாசி கடைசியில அத்தையையும் கூட்டிக்கிட்டு நர்சரிக்குப் போனேன். ஒண்ணுக்கு ரெண்டு தடவை கேட்டேன். நாள் பூரா வெயில் அடிக்கிற இடம், போர் தண்ணி, இதுக்கு எது தாங்கும்? "எல்லாமே வரும்க்கா, தண்ணி மட்டும் விடாம ஊத்துங்க"ன்னார். பெட்டூனியா 12, பிகோனியா 6, இட்லிப்பூ 4, செக்கச்செவேல்னு இலை வர்ற கார்டிலைன் 3. மொத்தம் 2,140 ரூபாய். ஒரு பையிலயாவது பேர் எழுதின சீட்டு உண்டா? கிடையாது.

பெட்டூனியா குளிர்காலத்துச் செடி. ஐப்பசி கார்த்திகையில வெச்சா மார்கழி, தைன்னு பூத்துத் தள்ளும். மாசி கடைசியில அத வாங்கறது, ஓய்வு பெறப் போற ஆளுக்கு வேலை போட்டுத் தர்ற மாதிரி. லோடு ஓசூர்லருந்து வருதுன்னு அவரே பெருமையா சொன்னார். ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உசரம், தர்மபுரி அதுல பாதிதான். அங்க நிழல்வலைக்கு அடியில வளர்ந்த செடிய இங்க பங்குனி வெயில்ல நட்டா என்ன ஆகும்னு தினமும் செடி விக்கிற ஆளுக்குத் தெரியாதா? பிகோனியா பாதி நிழல்ல இருக்க வேண்டிய செடி. மத்தியான வெயில் பட்டு நாலாம் நாளே இலை அப்பளம் மாதிரி ஆயிருச்சு.

செத்த பெட்டூனியா ஒண்ணப் பிடுங்கிப் பார்த்தேன். பையில இருந்த தேங்காய் நார்த்தூள் அந்தப் பை வடிவத்துலயே கட்டியா கையோட வந்துச்சு. ஒரு வேர் கூட வெளிய செம்மண்ணுக்குள்ள போகல. சுத்தி மண்ணு ஈரமா இருக்கு, நடுவுல அந்தக் கட்டி மட்டும் உமி மாதிரி உலர்ந்து கிடக்கு. அத்தை வேளை தவறாம ஊத்தின தண்ணி வேருக்குப் போய்ச் சேரவே இல்ல. நடும்போது அந்தக் கட்டிய ஊற வெச்சு லேசா உதிர்த்து விடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

எனக்கு வயிறு எரியறது கார்டிலைன் விஷயத்துலதான். எங்க மாவட்டத்து நிலத்தடித் தண்ணில ஃப்ளோரைடுங்கற உப்பு இருக்குன்னு பள்ளிக்கூடப் பிள்ளை கூடச் சொல்லும். பல்லுல காவி ஏறின தலைமுறைகளப் பார்த்த ஊரு இது. அதுக்காகத்தானே 2013ல ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்துச்சு. குடிக்கக் காவிரித் தண்ணி வருது, சரி. எங்க வீட்டுச் செடிக்கு இன்னமும் போர் தண்ணிதான். கார்டிலைனும், அதே மாதிரி அழகுச்செடியான டிரசீனாவும் ஃப்ளோரைடு தாங்காத செடிங்க. தண்ணியோட ஏறின ஃப்ளோரைடு இலை நுனியில போய்ச் சேரும், நுனியிலருந்து உள்ள பார்த்துக் கருகிட்டே வரும். எங்க வீட்டுலயும் அப்படியே ஆச்சு. அத்தை தினமும் காலைல கத்தரிக்கோல் எடுத்துக் கருகின நுனிய மட்டும் நறுக்கி விட்டாங்க. மறுநாள் நறுக்கின இடத்துலருந்து திரும்பவும் கருகும். பேரப்பிள்ளைக்கு நகம் வெட்டற மாதிரி உட்கார்ந்து வெட்டிக்கிட்டிருந்தாங்க. போர் தண்ணின்னு நான் சொன்னப்பவே அந்தச் செடிய எடுத்து ஓரமா வெச்சிருக்கணும் அந்த மனுஷன்.

இட்லிப்பூ இலை மஞ்சளாச்சு, நரம்பு மட்டும் பச்சையா நின்னுச்சு. போன் போட்டுக் கேட்டேன். "அடுப்புச் சாம்பல் போடுங்கக்கா"ன்னார். இட்லிப்பூவுக்குப் புளிப்புத் தன்மையுள்ள மண்ணு வேணும். நம்ம போர் தண்ணியோ சுண்ணாம்பு கலந்த சப்பைத் தண்ணி, பக்கெட் ஓரத்துல வெள்ளையாப் படியும். அதுல இட்லிப்பூவால இரும்புச் சத்த எடுக்க முடியாது. சாம்பல் போட்டா மண்ணுல புளிப்பு இன்னும் குறையும், மஞ்சள் கூடத்தான் செய்யும். அவர் பேச்சக் கேட்டு நாலு செடிக்கும் அத்தை கையாலயே சாம்பல் போட்டாங்க. இப்ப அதையும் தன் தப்புன்னு சொல்றாங்க.

இத்தனைக்கும் நாம இருக்கறது பூ விளையற சீமை. தொப்பூர்ப் பக்கம் போனா காடு காடா சாமந்தி. பூ மார்க்கெட்டுல மூட்டை மூட்டையா செண்டுமல்லி, கோழிக்கொண்டை, கனகாம்பரம் வந்து இறங்குது. வாடாமல்லிய ஒரு தடவை வெச்சா விதை விழுந்து தானா முளைக்கும். பத்துமணிப் பூவ ஒடிச்சுச் செருகினா போதும், வெயில் ஏற ஏறத்தான் விரியும். நித்யகல்யாணி சிமென்ட் வெடிப்புலயே பூத்து நிக்குது. மஞ்சள், ஆரஞ்சு, ரத்தச் சிவப்பு, கத்தரிப்பூ நிறம், வெள்ளைன்னு இதுல இல்லாத கலரா? கோழிக்கொண்டை இருக்கான்னு நான் கேட்டப்ப, "அதெல்லாம் காட்டுல போடறதுக்கா, வீட்டுக்கு யாரும் கேக்கறதில்ல"ன்னார். யாரும் கேக்கறதில்லையா, நீங்க முன்னாடி எடுத்து வெக்கறதில்லையா?

செத்த செடியையும் அந்த நார்க் கட்டியையும் ஒரு பையில போட்டு எடுத்துக்கிட்டு இன்னைக்குக் காலைல போனேன். காசு திருப்பிக் கேக்கல. ஒவ்வொரு செடிப் பையிலயும் பேரு, வெயிலா நிழலா, எந்த மாசம், எந்தத் தண்ணி, இந்த நாலு மட்டும் எழுதி ஒட்டுங்கன்னு கேட்டேன். "வேற செடி எடுத்துக்கங்கக்கா, விலை குறைச்சுப் போட்டுத் தரேன்"னார். பைய அவர் மேசை மேலயே வெச்சுட்டு வந்துட்டேன்.

வர்ற வழியில மார்க்கெட்டுல முத்தின கோழிக்கொண்டை ரெண்டு வாங்கினேன். உள்ளங்கையில தட்டினா கடுகை விடப் பொடியா, கறுப்பா மினுமினுன்னு விதை கொட்டுது. அதப் பேப்பர்ல மடிச்சு அத்தை ஸ்டூல் மேல வெச்சிருக்கேன். மணி நாலாச்சு, இன்னும் அவங்க வாசப்பக்கம் வரல.